உணவகத்தில் ஒருநாள் விற்பனையில் பங்கு சிறப்புப் பள்ளிக்குப் போகிறதாம். அங்கே போய்ச் சாப்பிடுவதால் உண்மையில் பயன் உண்டா?

போங்கள். குடும்பத்தோடு போங்கள். "இதெல்லாம் ஓட்டலுக்கு விளம்பரம்தானே" என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் அக்காவுக்கு 38 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அக்கா போகிற தொழிற்பயிற்சி மையத்தின் வேன் பழுதாகி நின்றபோது, ஒரு சைவ உணவகத்துக்காரர் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டு விற்பனையில் கால் பங்கு தருகிறேன் என்று முன்வந்தார்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதில்லை. ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு எல்லாம் மொய் விருந்துதான். ஆனால் மொய் என்பது கடன். நோட்டில் எழுதி வைத்து, செய்தவர் விருந்து வைக்கும்போது கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும். 2024இல் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை மொய் விருந்து வைத்தது. திரும்பி வராத மொய் என்று தெரிந்தேதான் ஜனங்கள் செய்தார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

அக்காவுக்கு இலை போடும் வேலை. முந்தின வாரம் முழுக்க மையத்தில் பழகியிருந்தாள். நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் இருக்கவேண்டும். ஒருவர் போனில் பேசிக்கொண்டே இலையை மாற்றித் திருப்பிவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சரியாகத் திருப்பி, நுனியை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு "சரிம்மா" என்றார். அக்காவைத் தெரியாத ஒருவர் அவள் செய்கைக்குக் கட்டுப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா இருந்து பார்த்திருக்கவேண்டும்.

காட்சிப்பொருள் ஆக்குகிறீர்கள் என்று சிலர் வருவீர்கள். சத்தம் தாங்காத ஆட்டிசம் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூடத்துக்கே அழைத்துவரவில்லை. காலையிலேயே வெங்காயம் உரித்து, கறிவேப்பிலை உருவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாருக்கும் சால்வை போர்த்தவில்லை. வேலை செய்த எல்லோருக்கும் 300 ரூபாய் கூலி. அரசு செய்யவேண்டியதை ஓட்டல்காரர் ஏன் செய்யவேண்டும் என்றால், நியாயமான கேள்விதான். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, மறுக்கவில்லை. அதில் வேன் ஓடாது. அன்றைக்குக் கால் பங்காக 28,000 வந்தது, உண்டியலில் 19,000 சேர்ந்தது. கிளட்ச் மாற்றி இரண்டு டயரும் போட்டார்கள். வேன் இன்றும் ஓடுகிறது.

அந்த 300 ரூபாயை அக்கா பெயரிலேயே போட்டு வைக்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனேன். காப்பாளர் சான்று கேட்டார்கள். அக்கா மாதிரி குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயது தாண்டிவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து வாங்கவேண்டும். சரி, வாங்கினேன். அதற்கப்புறமும் மூன்று முறை அலையவிட்டார்கள். கடைசி முறை, அக்கா பக்கத்தில் நிற்கும்போதே, "பாப்பாவுக்கு எதுக்கு சார் கணக்கு, நீங்களே வச்சுக்குங்க" என்றார் அந்த அதிகாரி. 38 வயதுப் பெண் பாப்பாவா? வேலை செய்து வாங்கிய கூலி அது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இரண்டு வருடமாக நெஞ்சிலேயே கிடக்கிறது.

போகும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனையில் எத்தனை பங்கு, பார்சலுக்கும் அது உண்டா என்று. சாப்பாட்டு பில்லுக்கு வருமான வரிக் கழிவுக்கான நன்கொடை ரசீது (80ஜி ரசீது என்பார்கள்) கிடைக்காது. நீங்கள் பழைய வரிமுறையில் இருப்பவராகி, கழிவும் வேண்டும் என்றால், பள்ளிக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துப் பள்ளிக்கே நேராகக் கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு வராது, வங்கி வழியாகக் கொடுங்கள்.

அப்புறம், 12 மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். கூட்டம் ஏறிவிட்டால் இலை போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேச நேரம் இருக்காது. இலை வரக் கொஞ்சம் தாமதமானால் காத்திருங்கள்.