ரக்பில டேக்கிள் (பந்தோட ஓடுறவன பிடிச்சு கீழ சாய்க்கறது) வாங்குனவன் எப்படி விழுறான்னு எப்படி ஆராயுறாங்க?

முக்கால்வாசி வேலை வீடியோதாங்க. ஒரே டேக்கிள நாலஞ்சு கேமரா கோணத்துல ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி, தரைல மொதல்ல பட்டது முட்டியா, இடுப்பா, தோளா, கையான்னு குறிப்பாங்க. பாக்குறவன் கண்ணுதான் நோகும்.

இதுல தோள்தான் பெரிய விஷயம். பந்த நெஞ்சோட அணைச்சுட்டு ஓடுறவனுக்கு கை ஃப்ரீயா இருக்காது, அதனால சைடுல சாயும்போது தோள் நுனி நேரா தரைல இடிக்கும், மேல எதிராளி வெயிட்டும் சேந்து விழும், காரை எலும்பு தோளோட சேர்ற மூட்டு அங்கதான் பிய்யுது. கைய நீட்டி ஊனினா மணிக்கட்டுக்கு ஆபத்து. மல்லாக்க விழுந்தா பின்மண்டை டமால்னு அடிக்கும், அதான் தாடைய நெஞ்சோட ஒட்டிக்கோன்னு கோச்சுங்க கத்துறாங்க, ஜூடோலயும் மொத பாடம் இதேதான்.

வீடியோல வேகம் ஓரளவு தெரியும், ஆனா மண்டைக்குள்ள போற அதிர்ச்சி தெரியாதே? அதுக்கு சென்சார் வச்ச மவுத்கார்டு, அதாவது பல்லுல மாட்டுற கவசம், இருக்கு. மேல்பல்லு மண்டையோட்டோட இறுக்கமா இருக்கறதால தலை எப்படி ஆடுது, எப்படி சுத்துதுன்னு அது பிடிச்சிரும். 2024ல இருந்து வேர்ல்ட் ரக்பி (ரக்பிக்கான உலக அமைப்பு) பெரிய லெவல் மேட்சுல இத தலைக்காய பரிசோதனையோடவே சேத்துட்டாங்க. சென்சார் நம்பர் மட்டும் வச்சு அடி எதிராளி தோள்லயா தரைலயான்னு சொல்றது கஷ்டம், அதனால திரும்ப வீடியோவுக்கே வரணும்.

எதிராளிய தூக்கி தலையோ மேலுடம்போ தரைல படுற மாதிரி போடுறது ரூல்படி தப்பு, ரெட் கார்டு வரைக்கும் போகும்.