அமெரிக்காவில் சைக்காலஜி முதல் பாடம் எடுத்தால் ஆராய்ச்சிக்கு ஆளாகியே தீர வேண்டுமா?

உங்கள் தங்கையின் சிலபஸில் "ஆராய்ச்சியில் பங்கேற்பு: 3 கிரெடிட்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஊசி கீசி போடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். போட மாட்டார்கள். நான் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தபோது இந்தப் பாடத்தையும் எடுத்தேன். எனக்கு வாய்த்ததெல்லாம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், பச்சை நிறத்தில் எழுதிய 'சிவப்பு' என்ற சொல். சொல்லை விட்டுவிட்டு நிறத்துக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். அரை மணி நேரம் அழுத்தினால் அரை கிரெடிட். பாதியிலேயே கண் சொக்கிவிட்டது.

இப்படி மாணவர்களைப் பிடித்து உட்கார வைப்பது பழைய வழக்கம். 1959-இல் வெளியான, ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வுக்கு வந்தவர்களும் ஸ்டான்ஃபோர்டில் இதே அறிமுகப் பாடம் படித்தவர்கள்தான். ஒரு மணி நேரம் நூல் உருளைகளை அடுக்கவும் மரக்கட்டைகளைத் திருப்பவும் வைத்துவிட்டு, அடுத்து வருபவரிடம் "ரொம்ப சுவாரசியம்" என்று பொய் சொல்லச் சிலருக்கு 1 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். 1 டாலர் வாங்கியவர்கள்தான் பிறகு அந்த வேலை நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். எனக்கு அந்த 1 டாலரும் இல்லை!

கட்டாயமா என்றால், பாடத்தில் ஒரு வேலை கட்டாயம். ஆய்வில் உட்காருவது கட்டாயம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைப்படி இதற்கு ஈடான மாற்று வேலை ஒன்றும் தர வேண்டும். பெரும்பாலும் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து ஒன்றிரண்டு பக்கம் எழுதித் தருவதாக இருக்கும். ஆய்வுக்குப் போய்ப் பிடிக்காவிட்டால் நடுவிலேயே எழுந்து வந்துவிடலாம். தங்கைக்கு இன்னும் 18 ஆகவில்லையென்றால் உங்கள் அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்ட படிவம் கேட்கலாம். பிளஸ் டூ முடித்த கையோடு போகிறவர்கள் பலருக்கு 17தானே. சில இடங்களில் அவர்களை நேரே மாற்று வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

என்னை உண்மையில் படுத்தியது வேறு. பதிவு செய்ய சோனா என்று ஓர் இணையதளம் உண்டு. அதில் நல்ல நேரமாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தால், 'தாய்மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும்' என்று இருக்கும். அடுத்ததிலும் அதே. 2010-இல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும், மேற்கத்திய மாணவர்களை வைத்தே மனித மனதை எடைபோடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் குறைப்பட்டார்கள். தமிழ் பேசுகிறவனாக அந்தப் பட்டியல் முன் உட்கார்ந்தபோது எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

அப்புறம், ஒரு நாள் பனியில் பஸ்ஸைத் தவறவிட்டேன். முன்கூட்டி ரத்து செய்யாததால் அரை கிரெடிட் கழிந்தது. அதை ஈடுகட்டக் கடைசி வாரத்தில் தேடினால் ஓர் இடம்கூட இல்லை. இரவோடு இரவாகக் கட்டுரை எழுதினேன். அதனால் தங்கையை முதல் மாதத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் சோனாவில் ஒரு நீண்ட கேள்விப் படிவம் வந்தால் அதையும் நிரப்பட்டும். சில ஆய்வுகள் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். கிரெடிட் ஏறியதும் அது எந்தப் பாடத்தின் கணக்கில் போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். என்னுடைய ஒன்று வேறு பாடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.