முற்றத்துக்கு ஜல்லி, கிராவல்: சேமிப்பைத் தொடலாமா?

கேள்வி: கோவில்பட்டி அருகே கரிசல் நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் வர 30 அடி நீளம், 10 அடி அகலத்துக்குப் பாதையும், அதையொட்டி 150 சதுர அடிக்குக் கூழாங்கல்லும் போட ஆசை. காண்ட்ராக்டர் மொத்தமாக 95,000 ரூபாய் கேட்கிறார். கடையில் விசாரித்தால் கிராவல் (சரளை மண்) லோடு 7,500, முக்கால் அங்குல ஜல்லி யூனிட் 4,800, கூழாங்கல் 50 கிலோ மூட்டை 650 என்கிறார்கள். நாங்களே வாங்கலாமா? அவசரத்துக்கு வைத்திருக்கும் 1 லட்சத்தை எடுப்பதா, நகைக்கடன் வாங்குவதா? மாதம் 8,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது.

பதில்: அந்த 1 லட்சத்தைத் தொடாதீர்கள். நகையையும் பீரோவிலேயே விடுங்கள். இந்த வேலைக்குக் கடனே தேவையில்லை. ஏன் என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

பாதை 300 சதுர அடி. கிராவல் ரோலர் போட்டு இறுகிய பிறகு 6 அங்குலம் நிற்க வேண்டும், அதாவது 150 கன அடி. இறுகும்போது அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி வாங்குங்கள். சுமார் 188 கன அடி ஆகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக 2 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மேலே 3 அங்குலம் ஜல்லிக்கு 75 கன அடி. சேதாரம் சேர்த்தாலும் 1 யூனிட் தாராளம். கடைக்காரர் சொல்லும் லோடு 2 யூனிட் என்றால் கிராவலும் ஜல்லியும் சேர்த்து 12,300 ரூபாய்.

இப்போது கூழாங்கல்லைப் பாருங்கள். 150 சதுர அடிக்கு 2 அங்குலம் போட 25 கன அடி வேண்டும். ஒரு மூட்டை ஒரு கன அடிக்குச் சற்று கூட வரும், ஆக 23 மூட்டை, 14,950 ரூபாய். கார் ஓடும் பாதை முழுவதற்கும் ஆகும் பொருளைவிட அழகுக்குப் போடும் கல்லுக்குச் செலவு அதிகம்! எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

ஆக மொத்தப் பொருள் 27,250 ரூபாய். இந்தப் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சொன்ன விலையில் அது அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் கேட்கும் மீதி 67,000-க்கும் மேலான தொகையில் ஜேசிபி, ரோலர், ஓரக்கல், கூலி, அவருடைய லாபம் எல்லாம் இருக்கும். அது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், பொருளை நீங்கள் வாங்கி, வேலையை மட்டும் கூலிக்கு விடுங்கள்.

நீங்களே வாங்குவதென்றால், லோடு என்ற சொல்லுக்கு விலை பேசவே பேசாதீர்கள். லோடு ஓர் அளவே இல்லை, வண்டிக்கு வண்டி மாறும். யூனிட் கணக்கில், வீட்டில் இறக்கும் விலை பேசுங்கள். வண்டி வந்ததும் கொட்டுவதற்கு முன் டேப்பை எடுங்கள். டிப்பரின் உள்பக்கம் 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க இருந்தால் 195 கன அடி. நடுவில் குவியலாகத் தெரியும், மூலைகளில் இறங்கியிருக்கும். ஒரு கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் அடித்தட்டு வரை இறக்கி ஆழம் பாருங்கள். சராசரி இரண்டரை அடிதான் என்றால் வந்திருப்பது 162 கன அடி. 7,500 ரூபாயில் 1,250 ரூபாய்க்கான சரக்கு குறைகிறது. டிரைவரிடம் சண்டை வேண்டாம், அளந்த அளவுக்குப் பணம் என்று முதலிலேயே பேசியிருந்தால் போதும். எடைமேடைச் சீட்டு காட்டினால், ஒரு யூனிட் ஜல்லி ஏறக்குறைய நாலேகால் டன் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பில்லோடு குவாரி நடைச்சீட்டையும் (சரக்கைக் கொண்டுவருவதற்கான அனுமதிச் சீட்டு) கேளுங்கள். சீட்டில்லாத வண்டியை வழியில் பிடித்துவிட்டால் உங்கள் அட்வான்ஸும் அதோடு நிற்கும். வண்டி வாடகை பாதி லோடுக்கும் ஏறக்குறைய அதேதான் என்பதால், பக்கத்து வீட்டில் யாருக்காவது தேவையிருந்தால் சேர்த்து வரவழையுங்கள்.

பாதையிலும் கூழாங்கல்லே போட்டால் அழகாக இருக்குமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். உருண்டைக் கல் டயருக்கடியில் உருண்டு விலகும். உடைத்த ஜல்லிதான் முனைகள் கோத்துக்கொண்டு நிற்கும்.

உங்கள் ஊர் மண்ணுக்கு ஒரு செலவை மட்டும் குறைக்கவே கூடாது. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் நேரே கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் பாதிக் கல் சேற்றுக்குள் போய்விடும். 9 அங்குலம் தோண்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண்ணும் கல்லும் கலக்காமல் தடுக்கும் விரிப்பு) விரித்து, அதன்மேல் கிராவல் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் கல் பதிக்காவிட்டால் ஜல்லி பக்கவாட்டில் பரவிப்போகும். தோண்டிய மண்ணை அள்ளிப்போக இன்னொரு வண்டிக்குக் காசு கொடுக்காமல் செடிப் பாத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை மூன்றாகப் பிரியுங்கள். நாலைந்து மாதம் அந்த 8,000-ஐத் தனியாகச் சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன் தோண்டுவது, துணி, கிராவல், ரோலர், ஓரக்கல் வரை முடியுங்கள். ஒரு மழைக்காலம் கார் அதன்மேல் ஓடட்டும். எங்கே அமுங்குகிறது என்று தெரிந்துவிடும். தை பிறந்ததும் பள்ளங்களை நிரப்பி ஜல்லி போடுங்கள். கூழாங்கல்லைக் கடைசியில், கையில் இருக்கும் காசுக்கேற்ப வாங்கலாம். மூட்டைக் கணக்கில் கிடைப்பதால் 50 சதுர அடிக்கு 8 மூட்டை வாங்கித் தொடங்கினாலும் தப்பில்லை.

ஒன்று மட்டும், கேட்டை ஒட்டி ஐந்தாறு அடிக்கு ஜல்லி போடாமல் சிமெண்ட் தளமாக விடச் சொல்லுங்கள். ஜல்லிமேல் கோலம் போட முடியாது.