'ஒரு வட்டிதான்' என்று தரும் கடன்: உண்மையில் எத்தனை வட்டி?

கேள்வி: பவர் தையல் மிஷின் வாங்க, எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு மைக்ரோ ஃபைனான்ஸில் கடன் கேட்டிருக்கிறோம். எனக்கு 30,000 ரூபாய். மாதம் 2,800 வீதம் 12 மாதம் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ், ஃபைல் சார்ஜ் என்று 1,200 பிடித்துக்கொண்டு 28,800 கையில் தருவார்களாம். "நூற்றுக்கு ஒரு வட்டிதான்க்கா" என்கிறார் வந்த பையன். கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, செஞ்சி

பதில்: நல்லவேளை, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டீர்கள்.

ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். ஊரில் வட்டிக்கு வாங்கினால்கூட, பாதி அசலைத் திருப்பிக் கொடுத்தபின் மீதிக்குத்தான் வட்டி கேட்பார்கள். இங்கே அப்படியில்லை. உங்கள் 2,800-ல் அசல் 2,500, வட்டி 300. முதல் மாதம் 30,000-க்கு 300 ரூபாய், சரி. ஆறு டியூ கட்டியபின் உங்களிடம் நிற்பது 15,000தான். அப்போதும் அதே 300. கடைசி மாதம் வெறும் 2,500 நிற்கும், அதற்கும் 300. அந்த மாதம் நீங்கள் கட்டுவது நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி!

குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம் வருகிறது. பிடித்த 1,200-ஐயும் சேர்த்தால் 29 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு வட்டி இல்லை, கிட்டத்தட்ட இரண்டரை வட்டி. அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியை எழுதிய கடன் விவரத் தாளை (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்) உங்களுக்குத் தர வேண்டும். அதில் இல்லாத ஒரு ரூபாயையும் வாங்கக் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் இன்சூரன்ஸைத் தலையில் கட்டவும் கூடாது. அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம், உங்களில் யாராவது மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறீர்களா? ஆறு மாதமாவது சேமிப்பும் உள்கடனும் (குழுவுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் கடன்) ஒழுங்காக நடந்த குழு என்றால் வங்கியில் கடன் கேட்கலாம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வரும் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிதான். கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் மிஷின் இரண்டு மாதம் தள்ளிப்போனால் பரவாயில்லை என்றே நான் சொல்வேன்.

இந்தக் கடன்தான் வேண்டும் என்றால், அந்தப் பையனிடம் ஒன்று கேளுங்கள்: "ஆறு டியூ கட்டிவிட்டு மிச்சத்தை மொத்தமாக அடைத்தால் எவ்வளவு?" முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. அவர் 16,800 (மிச்சமுள்ள ஆறு டியூவுக்கும் 2,800 வீதம்) என்று சொன்னால், இன்னும் வராத ஆறு மாதத்துக்கும் வட்டி கேட்கிறார் என்று அர்த்தம். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.