பதில்: விண்ணப்பிக்காத கல்லூரியிலிருந்து மகளுக்கு பெல் கிராண்ட் கடிதம்
விண்ணப்பிக்காத கல்லூரியிலிருந்து மகள் பெயருக்கு பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) கடிதம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் எட்டிக்கூடப் பார்க்காத சமுதாயக் கல்லூரி, 'உதவித்தொகை வழங்கப்பட்டது' என்று எழுதினால் யாரோ உங்கள் மகளின் சமூகப் பாதுகாப்பு எண்ணை (அரசு தரும் அடையாள எண்) வைத்துச் சேர்ந்திருக்கலாம் என்று பொருள். இங்கே அமெரிக்காவில் இவர்களை 'பேய் மாணவர்' என்பார்கள். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து, பெயரை நீக்கிவிடாமலிருக்க ஒரு அசைன்மென்ட் மட்டும் அனுப்புவார்கள். சமுதாயக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அது போக மிச்சப் பணம் 'மாணவர்' கணக்குக்குப் போகும். குறியே அந்த மிச்சம்தான்.

முதலில் அரசின் மாணவர் நிதியுதவித் தளமான ஸ்டூடன்ட்எய்டில் மகளே நுழைந்து கிராண்ட், கடன் பட்டியலைப் பார்க்கட்டும். பெல் கிராண்ட் ஆயுளுக்கும் 12 பருவங்கள்தான். திருடன் தின்றது மகளின் கணக்கில் கழியும். ஆகவே அந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுத்திலேயே புகார் கொடுத்து, வழங்கியதை ரத்து செய்யச் சொல்லுங்கள். ஃபோனில் பேசியது கணக்கில் வராது, அனுபவத்தில் சொல்கிறேன். அடையாளத் திருட்டைப் புகார் செய்யும் அரசுத் தளமான ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ்-இல் பெறும் அறிக்கையையும் இணையுங்கள். மோசடிகளை விசாரிக்கும் கல்வித்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கும் ஒரு புகார்.

கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்க முடியாதபடி கடன் வரலாற்றை முடக்குவது) போட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள், கடன் வரலாற்றை வைத்திருக்கும் மூன்று நிறுவனங்களிலும் இலவசம். ஆனால் இளநிலை மாணவருக்கான அரசுக் கடனுக்கு கிரெடிட் சோதனையே கிடையாது, அதை ஃப்ரீஸ் தடுக்காது.

இன்னொன்று: ஃபாஃப்சா (அரசு நிதியுதவி விண்ணப்பம்) நிரப்பித் தந்த 'கன்சல்டன்ட்' யாரிடமாவது எஃப்எஸ்ஏ ஐடி (ஸ்டூடன்ட்எய்ட் தளத்தில் நுழையும் கணக்கு) பாஸ்வேர்டு கொடுத்தீர்களா? உங்களுடையது, மகளுடையது இரண்டையும் இன்றே மாற்றுங்கள். ஐடியில் உள்ள மின்னஞ்சலும் ஃபோன் எண்ணும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.