வயதில் மூத்த டெய்லர் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்றால்

புதிதாக சூப்பர்வைசர் ஆன உங்கள் பேச்சை மூத்த டெய்லர் ஒருவர் கேட்பதில்லை, அதனால் அவரிடம் கத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நேற்று வரை பக்கத்து மெஷினில் இருந்தவர் இன்று சூப்பர்வைசர் என்றால், 20 வருடமாக ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) ஓட்டும் அண்ணனுக்கு உறுத்தத்தான் செய்யும். நீங்கள் எழுதியதில் எனக்கு இடித்தது, லைனில் (தையல் மெஷின் வரிசையில்) எல்லார் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டது. திருப்பூரில் நானும் அதே தப்பைச் செய்து, மறுநாள் நாலு பேர் வேலைக்கு வராமல் தவித்தவன்.

டீ நேரத்தில் தனியாகக் கூப்பிடுங்கள். "அண்ணா, அன்றைக்குக் கத்தியது தப்பு" என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் செக்கிங்கில் தையல் சரியில்லை என்று திரும்பி வந்த பீஸை அவர் கையில் கொடுத்து, "தோள் தையல் ஏன் இழுக்கிறது?" என்று கேளுங்கள். நூல் டென்ஷனா (நூலின் இறுக்கமா), ஊசியா என்று அவருக்குத் தெரியும். பீஸ் ரேட்காரர் (தைக்கும் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்) என்றால், பிரித்துத் தைக்கும் நேரம் அவர் கூலியில்தான் கை வைக்கிறது, அதையும் பேசுங்கள். மேனேஜரிடம் புகார் இப்போதைக்கு வேண்டாம்.