எந்த நாட்டுச் சமையல் உசத்தி? ஒரு கப்பல் சமையல்காரரிடம் கேள்வி பதில்

எந்த நாட்டுச் சாப்பாடு உலகத்திலேயே உசத்தி என்று இங்கே இரண்டு வாரமாக மல்லுக்கட்டு நடக்கிறது. "ஊர் ஊராகச் சாப்பிட்டவர் நீங்கள்தான், வந்து தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று என்னை இழுத்துவிட்டார்கள். நான் நாட்டாமை இல்லை. சரக்குக் கப்பலில் 21 வருடம் சமைத்தவன். சாப்பாடு பரிமாறும் மெஸ்மேனாக ஏறி சீஃப் குக்காக இறங்கினேன். இப்போது வாசம் தூத்துக்குடியில். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

சென்னை, ஐடி ஊழியர்: அண்ணா, சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுங்கள்.

மெக்சிகோ. காரணம் கீழே வரும், கொஞ்சம் பொறுங்கள் தம்பி.

ஈரோடு வாசகர்: எந்தக் கருத்துக்கணிப்பைப் பார்த்தாலும் இத்தாலிதானே முதலில் வருகிறது? உலகமே சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே?

2019ல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 24 நாடுகளில் கேட்டுப் பார்த்தது. இத்தாலியச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களில் 84 சதவீதம் பேர் பிடித்திருக்கிறது என்றார்கள். கேட்கப்பட்ட 34 சமையல்களில் கடைசி இடம் பெருவுக்கு. சரி என்று வைத்துக்கொள்வோம். உலகின் சிறந்த 50 உணவகங்கள் என்று இன்னொரு பட்டியல் வருடா வருடம் வருகிறது. அதில் 2023ல் முதலிடம் சென்ட்ரல், 2025ல் முதலிடம் மைதோ. இரண்டும் பெருவின் தலைநகர் லிமாவில் இருக்கின்றன. ஒரு பட்டியலில் தலை, இன்னொன்றில் வால், நாடு என்னவோ ஒன்றுதான்.

லிமாவை ஒட்டிய கயாவ் துறைமுகத்தில் செவிச்சே சாப்பிட்டிருக்கிறேன். பச்சை மீன் துண்டு, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய், அவ்வளவுதான். அடுப்பே கிடையாது. மீனை எடுத்துத் தின்ற பிறகு கிண்ணத்தில் தேங்கும் வெள்ளைச் சாற்றைப் 'புலிப்பால்' என்கிறார்கள். எங்கள் கப்பலின் பிலிப்பைன்ஸ் போசன், அதாவது மாலுமிகளின் மேஸ்திரி, அதைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். கணிப்பில் பதில் சொன்ன எத்தனை பேருக்கு இது வாய்த்திருக்கும்? இத்தாலிக்காரர்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் குடிபெயர்ந்து தெருவுக்குத் தெரு கடை போட்டார்கள். பெருக்காரர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை.

அரசாங்கமே கடை போட வைத்த கதையும் உண்டு. வெளிநாடுகளில் தன் நாட்டு உணவகங்களைப் பெருக்க 2002ல் தாய்லாந்து அரசு ஒரு திட்டமே போட்டது. அவர்களுடைய தேசிய உணவாகப் பேசப்படும் பாட் தாய் என்ன, பழங்காலத்துப் பண்டமா? சீன நூடுல்ஸை எடுத்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபுன் என்ற பிரதமர் தேசப்பற்றுக் கலந்து பரப்பியது. ருசியில் குறை சொல்ல மாட்டேன்.

மதுரை, கேட்டரிங் மாணவி: இத்தாலி என்று ஒரே சமையல் இருக்கிறதா சார்?

நல்ல கேள்வி அம்மா. இத்தாலி ஒரே நாடானதே 1861ல்தான். 1891ல் பெல்லெக்ரினோ அர்தூசி என்பவர் வீட்டுச் சமையல் குறிப்புகளைத் தொகுத்தார். பதிப்பாளர் கிடைக்காமல் சொந்தக் காசில் அச்சடித்தார். வடக்கில் வெண்ணெய், தெற்கில் ஆலிவ் எண்ணெய் என்று கிடந்த ஊர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று. கார்பொனாரா என்ற பாஸ்தாவில் க்ரீம் ஊற்றினால் ரோம் நகரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு இத்தாலிய சீஃப் என்ஜினியர் என்னிடம் இரண்டு நாள் பேசாமலே இருந்தார். ஆனால் 1954ல் இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் வந்த கார்பொனாரா செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் க்ரூயேர் சீஸும் இருக்கின்றன. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அவரிடம் வாதாடியிருப்பேன்.

புதுச்சேரி வாசகர்: பிரான்ஸை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை. மெனு, செஃப், ரெஸ்டாரென்ட், சாஸ், ஆம்லெட் எல்லாம் அவர்கள் கொடுத்த சொற்கள். பெரிய சமையலறையில் ஒருவர் சாஸ், ஒருவர் இறைச்சி, ஒருவர் இனிப்பு என்று வேலை பிரிப்பதைச் சீராக்கியவர் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சு சமையல்காரர். எழுதி வைத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், அதனால் ஜெயித்தார்கள். 2010ல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலிலும் இடம் பிடித்தார்கள். ஆனால் அங்கே பதிவானது ஒரு பண்டம் இல்லை. கூடி உட்கார்ந்து, வரிசையாகப் பரிமாறி, பேசிக்கொண்டே சாப்பிடும் பழக்கம்தான் பதிவானது. உங்கள் ஊரில் அந்த வாடை இன்னும் கொஞ்சம் இருக்குமே.

திருச்சி வாசகர்: ஐயா, மெக்சிகோ என்று போட்டுவிட்டு நழுவுகிறீர்கள். உங்கள் அளவுகோல்தான் என்ன?

துறைமுக வாசல்தான். கப்பலைத் துறைமுகத்தில் கட்டியதும், கரைக்கு இறங்க அனுமதிக்கும் ஷோர் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், மூட்டை தூக்குகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் சாப்பிடும் கடை ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். அந்தக் கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம், கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் அந்த ஜனங்கள் எதை வைத்து எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்பேன். நட்சத்திர ஓட்டலில் எல்லா நாட்டுச் சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கும்.

மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பாட்டி, பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. வாளியில் ஊறின மக்காச்சோளத்தை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார். தோல் வழுவழுவென்று உரிந்து தண்ணீரில் மிதக்கிறது, தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. குனிந்து மோந்து பார்த்தால் எங்கள் ஆச்சியின் வெற்றிலைச் செல்லம்! சுண்ணாம்பு வாசனை. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவி அரைக்கிறார்கள். அந்த மாவைத் தட்டி, எண்ணெயில்லாத கல்லில் போட்டால் பூரி மாதிரி ஒரு தடவை உப்பி அடங்குகிறது. அதுதான் தோர்த்தியா.

அதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது, ஆனால் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. கால்சியமும் சேர்கிறது. வெறும் சோள மாவைத் தட்டினால் உதிரும். சுண்ணாம்பு பட்ட மாவு பிசைந்தால் சேர்ந்து நிற்கும். எந்த வேதியியலும் படிக்காமல், கொலம்பஸ் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். வட இத்தாலியில் ஏழை விவசாயிகள் பொலென்தா என்ற சோளக் களியை மட்டுமே தின்று காலம் தள்ளினார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அவர்களுக்குத் தோல் கருத்து வெடித்தது, வயிறு போனது, கடைசியில் புத்தி பேதலித்தது. பெல்லாக்ரா என்று பெயர், சொரசொரப்பான தோல் என்று பொருள். கருத்துக்கணிப்பில் 84 சதவீதம் வாங்கிய அதே இத்தாலிதான். தானியம் ஒன்றுதான், ஒரு ஊரில் பசியாற்றியது, இன்னொரு ஊரில் ஆளைக் கொன்றது. நடுவில் இருந்தது ஒரு கை சுண்ணாம்பு. இதற்கு மேல் ஒரு சமையலுக்கு என்ன மார்க் போட வேண்டும்?

தக்காளி, மிளகாய், கொக்கோ, வனிலா, அவகாடோ எல்லாம் அந்தப் பக்கத்துப் பண்டங்கள் என்பது உபரிக் கணக்கு.

ஹைதராபாத் வாசகர்: 2022ல் டேஸ்ட் அட்லஸ் என்ற இணையதளத்தின் சமையல் பட்டியலில் இந்தியா ஐந்தாவது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஐந்தாவது இடமா?

அதே பட்டியலில் சீனாவுக்கு 11ஆவது இடம். அந்தக் காகிதத்தில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றலாம். எரியும் வாணலியில் கீரையை முக்கால் நிமிடத்தில் புரட்டி எடுக்கும் கை வேறெங்கும் கிடையாது. செச்சுவானின் நாக்கு மரக்கும் மிளகும் குவாங்தோங்கின் ஆவியில் வெந்த மீனும் ஒரே நாட்டுக் கணக்கில் வருகின்றன என்பதே வேடிக்கை.

இந்தியாவுக்கும் அதே பிரச்சினை. வெளிநாட்டில் 'இந்தியன்' என்று பலகை மாட்டிய கடையில் தந்தூரியும் பட்டர் சிக்கனும்தான் இருக்கும். லண்டன் கடைகளில் பலவற்றை நடத்துபவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். நாகாலாந்தின் புளித்த சோயா சட்னியும் நம் கருவாட்டுக் குழம்பும் தேர்வே எழுதவில்லை. எழுதாத பரீட்சைக்கு மார்க்கைப் பற்றி எதற்குக் கவலை?

தஞ்சாவூர் வாசகர்: நம் தமிழ்ச் சமையல் ஐயாயிரம் வருடப் பழமை. அதற்கு ஈடு உண்டா?

பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று வைத்த சாம்பாரிலிருந்து மிளகாயையும் தக்காளியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மிளகாய் போர்த்துக்கீசியர் வந்த பிறகு இறங்கிய சரக்கு. மிளகு போலக் காரமான காய் என்பதால்தான் பெயரே மிளகாய். பழைய ருசி தெரிய வேண்டுமானால் திவசச் சமையலைப் பாருங்கள். பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு உள்ளே வராது. மிளகு, வாழைக்காய், சேனை, பிரண்டைத் துவையல் என்று போகும். பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் இந்த மூன்றுக்கும் இடமில்லை.

இதைச் சொன்னதற்காக என்னைத் திட்டாதீர்கள். வந்த பண்டத்தை நம் பண்டமாக்குவதும் கைத்திறன்தான். வற்றல் மிளகாயை நல்லெண்ணெயில் தாளிக்கும் அந்த வாசனைக்கு நானும் அடிமை.

பினாங்கு வாசகர்: மலேசியாவா சிங்கப்பூரா? இங்கே இதுதான் தீராத சண்டை.

சிங்கப்பூரின் ஹாக்கர் கலாசாரம், அதாவது சிறுகடைச் சாப்பாட்டுப் பழக்கம், 2020ல் யுனெஸ்கோவில் ஏறிவிட்டது. ஆனாலும் என் ஓட்டு உங்கள் ஊருக்கு, காரணம் நாசி கந்தார். கந்தார் என்றால் தோளில் வைக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோறும் குழம்பும் காவடியில் தூக்கிப் போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. என் அளவுகோலுக்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிறது. 'குவா பஞ்சிர்' என்று சொல்லி வாங்குங்கள். நாலைந்து குழம்பும் வெள்ளமாகச் சோற்றில் இறங்கும்.

கும்பகோணம் வாசகி: நான் சுத்த சைவம். எந்த நாட்டுக்குப் போனால் பட்டினி கிடக்க வேண்டாம்?

எத்தியோப்பியா அம்மா, யோசிக்கவே வேண்டாம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி, அப்புறம் பெரிய நோன்புகள் என்று வருடத்தில் பாதி நாளுக்குக் கிட்ட இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. நோன்புச் சாப்பாடு என்று கேட்டாலே போதும். ஜிபூத்தி துறைமுகத்தில் எத்தியோப்பியர் கடை ஒன்றில் இன்ஜெராவைப் பார்த்ததும் கல்லில் வெந்து கிடக்கும் பெரிய ஆப்பம் என்றுதான் நினைத்தேன். டெஃப் என்ற பொடித் தானியத்தை இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்கிறார்கள். நம் மாவை விடப் புளிப்பு தூக்கல். மேலே கடலை மாவுக் குழம்பு, பருப்பு, கீரை. இலை, சோறு இரண்டும் அதுவே, கடைசியில் இலையையும் தின்றுவிடலாம்.

லெபனானும் நல்ல இடம். ஜப்பானில் ஜாக்கிரதை, வெறும் காய்கறி என்று வைப்பதிலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். தாய்லாந்தில் மஞ்சள் பலகையில் 'ஜே' என்று எழுதிய கடை தேடுங்கள், மீன் சாஸ் இருக்காது. என் மெக்சிகோவிலும் பயறை உஷாராகக் கேட்டு வாங்குங்கள், பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள்.

லண்டன் வாசகர்: ஆங்கிலேயர் சாப்பாட்டை எல்லோரும் கிண்டல் செய்கிறார்களே, நியாயமா?

பாதி நியாயம். 1940ல் தொடங்கிய ரேஷன் 1954 வரை நீடித்தது. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் அளந்துதான். 14 வருடம் அப்படிச் சமைத்தால் ஒரு தலைமுறையே கைப்பக்குவத்தை மறந்துவிடும். மீதிப் பாதிக்கு அவர்கள்தான் பொறுப்பு.

சேலம் வாசகர்: ஹம்மஸ் யாருடையது?

கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸை லெபனானும் இஸ்ரேலும் கின்னஸ் சாதனைக்கு மாறி மாறி அரைத்தன. 2010ல் லெபனான் 10,452 கிலோ செய்தது. நாட்டின் பரப்பும் 10,452 சதுர கிலோமீட்டர்! நாம் மட்டும் என்னவாம்? ரசகுல்லாவுக்கு 2017ல் மேற்கு வங்கமும் 2019ல் ஒடிசாவும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கின்றன.

கோவை வாசகி: அந்தச் சுண்ணாம்புச் சோளத்தை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோ வாங்குங்கள். ஸ்வீட் கார்ன் ஆகாது. விதைக்கடைச் சோளத்தில் மருந்து பூசியிருப்பார்கள், அதைத் தொடாதீர்கள். மூன்று லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உண்ணும் சுண்ணாம்பைக் கரையுங்கள், வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனை சேர்க்காதது. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். முக்கால் மணி நேரம் வேகட்டும், அப்படியே மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் கசக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்று நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி, கெட்டியாக அரையுங்கள். தண்ணீர் கூடினால் தோசைதான் ஊற்ற வேண்டியிருக்கும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்துத் தட்டையான தட்டால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் போடுங்கள்.

முதல் நாலைந்து கிழியும். எனக்கும் கிழிந்தது. தூக்கிப் போடாதீர்கள். முறுக்கு மாதிரி எண்ணெயில் பொரித்து, காரமான தக்காளிச் சட்னியில் ஒரு புரட்டுப் புரட்டினால் அவர்கள் காலையில் சாப்பிடும் சிலாகிலேஸ். அங்கேயும் அது மிச்சம் மீதிக்குக் கண்டுபிடித்த பலகாரம்தான்.